வரமும் உரிமமும்

நமது செய்தித்தாள்களின் வார இறுதிப் பக்கங்களிலே அண்மைக் காலமாக ஒரு புதிய கதைவகை தோன்றி வளர்ந்து வருகின்றது. வாசிப்போர் அதனைச் செய்தியென்று வாசிக்கின்றனர். எழுதுவோரும் செய்தியென்றே எண்ணி எழுதுகின்றனர். எனினும் அதன் அமைப்பைச் சற்று உற்று நோக்குவோமாயின், அது கதையே என்பது புலனாகும். படித்த இளைஞன் ஒருவன். மக்கள் கையிற் காசின்றிக் கைத்தொலைபேசி வழியாகவே கொடுக்கல் வாங்கல் செய்வதற்கு அவன் ஒரு வழியை அமைக்கின்றான். முதலீட்டாளர்கள் அவனை நம்புகின்றனர். ஆனால் அரசின் உரிமம் இன்றி அத்தொழிலை நடத்த இயலாது. மாதக்கணக்கிலே, சில வேளை ஆண்டுக்கணக்கிலே, கோப்புகளைச் சுமந்துகொண்டு அவன் அலைகின்றான். ஈற்றில் உரிமம் கிடைக்கின்றது. படத்திலே அவன் புன்னகை புரிகின்றான். கதை முடிகின்றது.

இக்கதையின் எலும்புக்கூடு நமக்குப் புதியதன்று. கோயில் மண்டபங்களிலே புராணபடனம் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தவர் எவரும் இதனை உடனே இனங்கண்டுகொள்வர். ஒருவன் தவம் செய்கின்றான், இடையூறுகள் வருகின்றன, தெய்வம் தோன்றி வரம் அளிக்கின்றது. தவம் என்பதற்கு விண்ணப்பம் என்றும், தெய்வம் என்பதற்கு மத்திய வங்கி என்றும், வரம் என்பதற்கு உரிமம் என்றும் மாற்றி எழுதினால் புதிய கதை ஆயிற்று. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. கந்தபுராணம் கேட்பவர் வரம் கிடைத்தவுடன் கதை முடிந்ததென்று எழுந்து போவதில்லை. சூரபன்மனும் தவம் செய்தே வரம் பெற்றான். வரம் பெற்றபின் அவன் யாரைச் சிறை வைத்தான், யார் யார் அழுதனர் என்பதிலேதான் கதை தொடங்குகின்றது. பழைய புராணிகர் கேட்ட அந்த வினாவை நமது புதிய புராணிகர் கேட்பதில்லை.

இளம் முயற்சியாளரை அசுரரென்று கூறுவது நம் நோக்கமன்று. அவர்களுள் நேர்மையும் திறமையும் உள்ளோர் பலர். நாம் குறை காண்பது கதையின் பார்வையிலே. இக்கதை உரிமத்தைப் பெறுபவனின் கண்ணாலேயே எல்லாவற்றையும் காண்கின்றது. பணம் யாருடையதோ அந்த மனிதர் கதையிலே எங்கும் வருவதில்லை. உரிமம் என்பது பெறுபவனுக்கு அளிக்கப்படும் வரமன்று; தம் பணத்தைப் பிறர் கையில் ஒப்படைக்கும் மக்களுக்கு அரசு கொடுக்கும் வாக்குறுதியே அது. இந்த ஒரு கருத்தை மனத்திற் கொண்டு, இலங்கையின் கொடுப்பனவு உரிமங்களை நோக்குவதே இக்கட்டுரையின் பணியாகும்.

*

முதலில் அடிப்படை ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சுன்னாகம் சந்தையிலே வெங்காயம் விற்ற ஒரு பெண் ஐயாயிரம் ரூபாவை முகவர் கடையொன்றிற் கொடுத்துத் தன் கைத்தொலைபேசிக் கணக்கில் ஏற்றுகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். கொடுக்கும் வரை அவள் கையில் இருந்தது நாணயத்தாள். அதற்கு அரசே பொறுப்பு. கொடுத்த அந்தக் கணத்திலே அது தொலைபேசித் திரையிலே தோன்றும் ஓர் எண்ணாக மாறிவிடுகின்றது. அந்த எண் ஒரு கம்பனியின் வாக்கு மாத்திரமே. அக்கம்பனி முறிந்தால், அல்லது அவளுடைய ஐயாயிரத்தையும் அவள்போன்ற ஆயிரம் பேரின் ஐயாயிரங்களையும் எடுத்துத் தன் வேறொரு வியாபாரத்திற் போட்டுத் தோற்றால், அந்த எண்ணுக்கு என்ன பெறுமதி?

இந்த வினாவுக்கு விடையாகவே உரிமம் பிறந்தது. இலங்கையிலே 2005ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் கொடுப்பனவு மற்றும் தீர்ப்பனவு முறைமைகள் சட்டம் இதற்கு அடித்தளம். கொடுப்பனவு அட்டைகளுக்கான ஒழுங்குவிதிகள் 2009இல் வந்தன. கைத்தொலைபேசிக் கொடுப்பனவுக்கான வழிகாட்டல்கள் 2011இல் இரண்டாக வெளியாகின: ஒன்று வங்கிகள் தம் கணக்காளர்க்கு நடத்தும் சேவை பற்றியது, மற்றையது பாதுகாப்புக் கணக்கை ஆதாரமாகக் கொண்டு வங்கியல்லாத நிறுவனம் நடத்தும் சேவை பற்றியது. பின்னர் 2013ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கொடுப்பனவு அட்டைகள் மற்றும் கைத்தொலைபேசிக் கொடுப்பனவு முறைமைகள் ஒழுங்குவிதிகள் இரு துறைகளையும் ஒருங்கே சேர்த்தன.

இவற்றுள் உயிரான ஏற்பாடு பாதுகாப்புக் கணக்கு எனப்படுவதே. மக்களிடம் வாங்கிய காசு முழுவதையும் கம்பனி தன் சொந்தப் பணத்தோடு கலவாமல், ஒரு வங்கியிலே தனிக் கணக்கில் வைத்திருத்தல் வேண்டும். திரைகளில் உள்ள எண்களின் கூட்டுத்தொகைக்கு ஈடாக அந்தக் கணக்கிலே காசு இருத்தல் வேண்டும். நம் ஊரிலே சீட்டுப் பிடித்துப் பழகியோர்க்கு இதன் அருமை விளங்கும். சீட்டுக்காரி சேர்ந்த காசைத் தன் மகளின் கலியாணத்துக்குச் செலவழித்துவிட்டாள் என்ற அழுகுரலைக் கேளாத கிராமம் எது? அந்த அழுகுரலைச் சட்டமொழியிலே எழுதினால் பாதுகாப்புக் கணக்கு என்ற விதி கிடைக்கும்.

இதனுடன் வேறு நிபந்தனைகளும் சேர்கின்றன. விண்ணப்பிப்போர்க்குப் போதிய மூலதனம் வேண்டும். இயக்குநர்கள் தகுதியும் நேர்மையும் உடையோராய் இருத்தல் வேண்டும். கணினி முறைமை பாதுகாப்பானது என்பதைச் சோதித்துக் காட்டுதல் வேண்டும். வாடிக்கையாளர் யார் என்பதை அடையாளங்கண்டு பதிவு செய்தல் வேண்டும். ஐயத்துக்கிடமான பணமாற்றங்களை அறிவித்தல் வேண்டும். இவை ஒவ்வொன்றும் எங்கோ ஒரு நாட்டிலே யாரோ ஒருவர் ஏமாற்றப்பட்டதன் பயனாய் எழுதப்பட்டவை. ஆகவே, உரிமமே முன்னேற்றத்துக்குத் தடை, அதனை நீக்கிவிட்டாற் புதுமை பெருகும் என்று பேசுவோரோடு நமக்கு உடன்பாடில்லை. அவர்கள் நீக்கச் சொல்வது வெங்காயம் விற்ற பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதியை.

ஆனால் வாக்குறுதி எழுதப்பட்டுவிட்டது என்பதாலேயே அது நிறைவேறிவிட்டது என்று நம்பும் அதிகாரிகளோடும் நமக்கு உடன்பாடில்லை. ஒரு நூலின் முன்னுரையை மட்டும் படித்துவிட்டு மதிப்புரை எழுதுவது தவறல்லவா? சட்டத்தையும் அவ்வாறே முழுமையாகப் படித்தல் வேண்டும்.

*

முன்னுரை ஒன்று கூற, நூல் வேறொன்று கூறுவதற்கு அயல்நாட்டிலே தெளிவான சான்று உண்டு. இந்திய ரிசர்வ் வங்கி 2014 நவம்பரிலே கொடுப்பனவு வங்கிகள் என்ற புதிய உரிமத்துக்கான வழிகாட்டல்களை வெளியிட்டது. எதற்காக? புலம்பெயர்ந்து உழைக்கும் தொழிலாளர், குறைந்த வருமானக் குடும்பங்கள், சிறு வணிகர் ஆகியோர் சிறு தொகைகளைச் சேமிக்கவும் அனுப்பவும் வழி செய்வதற்காக. உயர்ந்த நோக்கம், ஐயமில்லை. ஆயின் உரிமம் கேட்போர்க்குக் குறைந்தது 100 கோடி ரூபா மூலதனம் வேண்டுமென்று விதிக்கப்பட்டது. விண்ணப்பித்தோர் 41 பேர். 2015 ஓகஸ்டிலே கொள்கையளவில் அனுமதி பெற்றோர் 11 பேர். அப்பட்டியலிலே றிலையன்ஸ், ஆதித்ய பிர்லா, எயார்ரெல், வொடபோன் ஆகிய பெயர்கள் இருந்தன. முன்னுரையிலே கட்டடத் தொழிலாளி. பட்டியலிலே இந்தியாவின் பெருமுதலாளிகள். அவர்களுக்கு நடுவே அஞ்சல் திணைக்களம் மாத்திரம் பொதுத்துறையின் பழைய முகத்தோடு நின்றது.

பதினொருவரிலும் மூவர், இத்தொழிலில் எதிர்பார்த்த இலாபம் இல்லையென்று கண்டு, உரிமம் கைக்கு வருமுன்னரே விலகிக்கொண்டனர். ஏழைகளின் பெயரால் திறக்கப்பட்ட கதவிலே நுழைந்தவர், இலாபக் கணக்குச் சரிவராதபோது அதே கதவினால் வெளியேறினர். தொழிலாளி வெளியிலேயே நின்றான். மூலதனத்தின் இயல்பு அதுவே. அதனைக் குறைகூறுவதிலே பயனில்லை. அந்த இயல்பை அறிந்துகொண்டே அதன் கையிற் பொதுப்பணியை ஒப்படைத்தவரையே குறைகூறல் வேண்டும்.

எஞ்சியவற்றுள் பெரும்புகழ் பெற்றது பேரிஎம் கொடுப்பனவு வங்கி. செய்தித்தாட் புராணங்களின் தலைவனும் அதுவே. 2016 நவம்பர் 8ஆந் திகதி இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாத் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டபின், மக்கள் வங்கி வாசல்களிலே வரிசையில் நின்றபோது, அந்நிறுவனத்தின் பெயர் தெருவெங்கும் ஒலித்தது. ஆயின் 2022 மார்ச்சிலே புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கக்கூடாதென ரிசர்வ் வங்கி அவ்வங்கியைத் தடுத்தது. விதிகளைத் தொடர்ந்து மீறியதாகக் காரணங் காட்டி, 2024 ஜனவரி 31ஆந் திகதி, மேலும் வைப்புகளைப் பெறுவதையே நிறுத்துமாறு ஆணையிட்டது. அவ்வாணை மார்ச் 15க்குப்பின் நடைமுறைக்கு வந்தது. இங்கே இரண்டு பாடங்கள் உள. வரத்தோடு கதை முடிவதில்லை என்பது ஒன்று. உரிமம் கொடுத்தவர் அதனைக் கட்டுப்படுத்தும் துணிவும் உடையவராய் இருந்தமையாலேயே வாக்குறுதிக்குச் சிறிதேனும் பொருள் இருந்தது என்பது மற்றொன்று.

கென்யாவின் அனுபவம் வேறு வகையானது. அங்கே 2007இல் சபாரிகொம் என்ற தொலைபேசிக் கம்பனி எம்-பெசா என்னும் கைத்தொலைபேசிப் பண சேவையைத் தொடங்கிற்று. அப்பொழுது அதற்குரிய சட்டமே அந்நாட்டில் இல்லை. மறுப்பில்லை என்ற ஒரு கடிதத்தை மட்டும் மத்திய வங்கி கொடுத்தது. தேசியக் கொடுப்பனவு முறைமைச் சட்டம் 2011இலேதான் வந்தது. இதனைக் காட்டி, சட்டம் பின்னால் வரட்டும், வியாபாரம் முன்னாற் செல்லட்டும் என்று வாதிப்போர் உளர். ஆனால் அவர்கள் பாதிக் கதையையே சொல்கின்றனர். கடிதம் மட்டும் இருந்த அந்தக் காலத்திலும் மக்களின் காசு ஒரு நம்பிக்கைப் பொறுப்பின் கீழ்த் தனியாகவே வைக்கப்பட்டது; அதன் வட்டியைக் கம்பனி தன் இலாபமாகக் கொள்ளாமல் அறப்பணிக்குச் செலுத்தும் ஏற்பாடும் செய்யப்பட்டது. நம்பிக்கையின் விதிகள் சட்டத்துக்கு முன்னரே அங்கு இருந்தன. இருந்தும், சட்டம் வந்து சேர்வதற்குள் ஒரே கம்பனி நாட்டின் காசுப்பாதை முழுவதிலும் காலூன்றிவிட்டது. பின்னர் வந்தவர்க்கு இடம் இருக்கவில்லை.

*

இனி நம் தீபகற்பத்துக்குத் திரும்புவோம். தொலைவிலிருந்து பணம் வரும் வழி என்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிய விடயமன்று. நமது பொருளாதாரத்தையே மணியோடர்ப் பொருளாதாரம் என்று ஒரு காலத்திற் கூறினர். மலாயாவிலும் கொழும்பிலும் இலிகிதராய் இருந்தவர், தென்னிலங்கைப் பட்டினங்களிலே கடை வைத்திருந்தவர், மாதந்தோறும் வீட்டுக்கு மணியோடர் அனுப்பினர். தபாற்காரன் சைக்கிளில் வந்து படலையில் மணி அடித்தான். அந்தப் பாதையிலே உரிமம் என்ற வினா எழவில்லை. ஏனெனில் இடையில் நின்றது அரசே.

அக்காலத்திலேயே மற்றொரு பாதையையும் நம் முன்னோர் அமைத்தனர். 1911ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின் பின்னர் கிராமந்தோறும் ஐக்கிய நாணய சங்கங்கள் தோன்றின. 1929இல் அச்சங்கங்களை இணைத்து யாழ்ப்பாணத்திலே கூட்டுறவு மாகாண வங்கி நிறுவப்பட்டது. ஒருவரையொருவர் அறிந்த உழவர் தம் சிறு சேமிப்புகளைச் சேர்த்து, தாமே பொதுக்கூட்டத்திற் கணக்குக் கேட்டு, தாமே கடன் கொடுத்தனர். இன்று நாடகமும் கூட்டமும் நடைபெறும் வீரசிங்கம் மண்டபம் கூட்டுறவுத் தலைவர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்பது அவ்வியக்கத்தின் வலிமைக்குச் சான்று. மாணவர் பலர் அம்மண்டபத்துப் படிகளில் ஏறுகின்றனர். அப்பெயரின் காரணத்தை அறிந்தோர் சிலரே.

கூட்டுறவு என்ற சொல்லின்மீது நாம் மயக்கங்கொள்ளவில்லை. யாழ்ப்பாணத்துச் சங்கங்கள் பலவற்றிலே நிலமுடையோரும் உயர்சாதியினருமே கதிரைகளில் அமர்ந்தனர். சீவல் தொழிலாளர் தமக்கென வேறு சங்கம் அமைத்த பின்னரே தம் உழைப்பின் விலையைத் தாம் பேசினர். அமைப்பு மாத்திரம் சமத்துவத்தைக் கொண்டுவராது. அதற்குப் போராட்டமும் வேண்டும். எனினும் கதிரை யாருக்கு என்று கேட்டுப் போராடக்கூடிய ஒரு பொதுக்கூட்டமாவது கூட்டுறவிலே இருந்தது. கம்பனியின் பொதுக்கூட்டத்திலே பங்கு உடையவனுக்கே வாக்கு. பணம் வைத்தவளுக்கு வாக்கில்லை.

பின்னர் போர் வந்தது. பாதைகள் மூடின. மக்கள் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சிதறினர். அப்பொழுது உண்டியல் வழி வளர்ந்தது. இலண்டனிலே ஒருவர் கையிற் காசு கொடுக்கப்பட, மறுநாள் பருத்தித்துறையிலே இன்னொருவர் வீட்டுக்கு வந்து காசு எண்ணிக் கொடுத்தார். உரிமம் இல்லை, பற்றுச்சீட்டு இல்லை, ஊர்நம்பிக்கை ஒன்றே பிணை. ஏமாந்தவர் முறையிட இடமில்லை. எனினும் அது நிலைத்தது. ஏன் நிலைத்தது என்பதற்கு 2021, 2022 ஆண்டுகள் நாடு முழுவதற்கும் விளக்கந் தந்தன. வெளிநாட்டில் உழைப்போர் வங்கி வழியாக அனுப்பிய தொகை 2020இல் ஏறத்தாழ 710 கோடி டொலர். அது 2021இல் ஏறத்தாழ 550 கோடியாகவும், 2022இல் ஏறத்தாழ 380 கோடியாகவும் வீழ்ந்தது. மக்கள் உழைப்பதை நிறுத்திவிடவில்லை. வங்கியின் நாணயமாற்று வீதம் செயற்கையாகப் பிடித்துவைக்கப்பட்டிருந்தபோது, உண்டியல்காரர் கூடிய வீதம் கொடுத்தனர். உரிமம் பெற்ற பாதை நேர்மையான விலையைக் கொடாதபோது, உரிமமற்ற பாதைக்குப் பணம் திரும்பியது. முத்திரை குத்திய காகிதம் மாத்திரம் நம்பிக்கையை உண்டாக்காது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

*

இப்பின்னணியிலேதான் இலங்கையில் கைத்தொலைபேசிப் பணம் வந்தது. 2012இல் டயலொக் கம்பனி ஈசி காஷ் சேவையைத் தொடங்கிற்று. பின்னர் மொபிற்றெல் கம்பனியின் எம் காஷ் வந்தது. கைத்தொலைபேசி வழி இலத்திரனியல் பணத்துக்கான உரிமத்தைப் பெற்ற அவ்விரண்டும் தொலைபேசிக் கம்பனிகள் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். மத்திய வங்கி 2018இல் அறிமுகஞ் செய்த லங்கா கியூஆர் என்னும் பொதுக்குறியீடு பாராட்டுக்குரிய முயற்சி. வெவ்வேறு நிறுவனங்களின் வாடிக்கையாளர் ஒரே குறியீட்டைப் பயன்படுத்த அது வழி செய்தது. 2024 பெப்ரவரி 12ஆந் திகதி இந்தியாவின் யூபிஐ முறைமை இங்கே இணைக்கப்பட்டபின், சென்னையிலிருந்து வரும் பயணி தன் தொலைபேசியாலேயே இங்குள்ள கடையிற் காசு செலுத்த இயலும். பாதைகள் விரிகின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் அப்பாதைகளிலே சுங்கச்சாவடி அமைக்கும் உரிமை யார் கையில் இருக்கின்றது?

நம்மிடம் படித்த மாணவர் ஒருவரின் அனுபவத்தை இங்கே கூறுதல் பொருந்தும். கணினி கற்று, வேலை தேடி வெளிநாடு போகாமல், வலிகாமத்திலேயே இருந்துவிட்டவர் அவர். தோழர் இருவருடன் சேர்ந்து, தம் பகுதிச் சிறு கடைகள், மீனவர் சங்கம், பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை ஆகியவற்றை இணைக்கும் ஒரு கொடுப்பனவு முறைமையை அமைக்க எண்ணினார். இலாபத்தில் ஒரு பங்கு உறுப்பினர்க்கே திரும்ப வேண்டும் என்பது அவருடைய திட்டம். ஒழுங்குவிதிகளை எடுத்துக்கொண்டு ஒரு மாலை நம் வீட்டுக்கு வந்தார். விளங்காத சொற்களுக்குப் பொருள் கேட்டார். தமிழ் சிறப்புப் பட்டம் பெற்ற நாமும் அகராதியைப் புரட்டினோம். சொற்கள் தமிழாகவே இருந்தன; வாக்கியங்கள் தமிழாக இருக்கவில்லை. ஒரு வாக்கியத்தின் எழுவாயைக் கண்டுபிடித்துப் பயனிலையை அடைவதற்குள் தேநீர் ஆறிவிட்டது. ஈற்றில் ஆங்கிலப் பிரதியை வைத்துக்கொண்டே தமிழை விளங்கிக்கொண்டோம்.

பின்னர் அவர் கொழும்புக்குச் சென்று, இத்தகைய விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுக்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்தைக் கண்டார். அவர்கள் கேட்ட முதல் வினா திட்டத்தைப் பற்றியதன்று, மூலதனத்தைப் பற்றியது. இரண்டாவது வினா, பின்னால் எந்தக் கம்பனி இருக்கின்றது என்பது. விண்ணப்பத்தை எழுதுவதற்கு அவர்கள் கூறிய கட்டணமே மூன்று தோழரின் சேமிப்பிலும் அதிகமாக இருந்தது. அவர் திரும்பி வந்தார். இன்று ஒரு பெரிய கம்பனியின் முகவராகத் தன் கடையிலே அதன் பெயர்ப்பலகையை மாட்டியிருக்கின்றார். ஒவ்வொரு கொடுப்பனவிலும் சில சதம் தரகு கிடைக்கின்றது.

இதிலே நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது ஒன்று. அவருடைய விண்ணப்பத்தை எவரும் மறுக்கவில்லை. அவர் விண்ணப்பிக்கவேயில்லை. எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன, எத்தனை மறுக்கப்பட்டன என்று எந்த அறிக்கை கணக்குக் காட்டினாலும் அதிலே அவர் இடம்பெறமாட்டார். வாசலைக் காணுமுன்னரே திரும்பிப் போனவர்களை எந்த வாயிற்காவலனும் எண்ணுவதில்லை. செய்தித்தாட் கதையிலே அவர் வீரனுமல்லர், தோற்றவனுமல்லர். அவரைப் பற்றிக் கதையே இல்லை.

மூலதன விதி தேவையற்றது என்று நாம் கூறவில்லை. மூவாயிரம் பேரின் பணத்தை மூன்று இளைஞரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி ஒப்படைக்க இயலாது. ஆனால் ஒரு வினாவை எழுப்பியே ஆகவேண்டும். நாடு முழுவதற்கும் விரியும் கம்பனிக்கும், ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்கும் சங்கத்துக்கும் ஒரே அளவுகோல் எதற்கு? ஆபத்தின் அளவு சிறிதாயின் நிபந்தனையின் அளவும் அதற்கேற்பச் சிறிதாகலாம் அல்லவா? புதிய முயற்சிகளை வரையறுத்த எல்லைக்குள் சோதித்துப் பார்க்கும் ஓர் ஏற்பாட்டை மத்திய வங்கி 2020இல் உண்டாக்கியது. கொள்கை அளவிலே இது நம் வாதத்தை ஏற்றுக்கொள்வதே. அவ்வேற்பாட்டைத் தொழில்நுட்பக் கம்பனிகளின் சோதனைச்சாலையாக மட்டும் கொள்ளாமல், மக்கள் அமைப்புகளின் நாற்றுமேடையாகவும் ஆக்குதல் வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இன்னொரு தடையும் உண்டு. அது அரசியற் கட்டமைப்பைச் சேர்ந்தது. கூட்டுறவு 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தால் மாகாணங்களுக்குரிய துறையாயிற்று. கூட்டுறவுக் கிராமிய வங்கிகளை மேற்பார்வை செய்வது கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம். கொடுப்பனவு உரிமம் வழங்குவதோ கொழும்பிலுள்ள மத்திய வங்கி. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. தேர்தல் உரிய காலத்தில் நடைபெறவில்லை. மக்கள் தெரிந்தெடுத்த சபை இல்லாத மாகாணத்திலே, கூட்டுறவுச் சங்கத்தின் சார்பாகக் கொழும்போடு பேசுவதற்கு யார் இருப்பார்? இரு வீட்டுக்கும் உறவான பிள்ளை இரு வீட்டிலும் பட்டினி கிடந்ததுபோலாயிற்று கூட்டுறவின் நிலை.

அடையாளம் பற்றிய விதிகளையும் இவ்விடத்திலே நோக்குதல் தகும். கொடுப்பனவுச் சட்டம் 2005இல் வந்தது. பயங்கரவாதத்துக்கு நிதியளித்தலைத் தடுக்கும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. பணம் தூயதாக்கலைத் தடுக்கும் சட்டமும் நிதியியல் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டமும் 2006இல் வந்தன. உலகெங்கும் இத்தகைய சட்டங்கள் உள. கொள்ளைப் பணத்தைத் தடுப்பதற்கு அவை வேண்டியவையே. ஆயின் போரின் நிழலிலே பிறந்த சட்டங்களின் கண்ணிலே வடக்கின் முகவரி எவ்வாறு தோன்றும் என்பதை வடக்கில் வாழ்வோர்க்கு விளக்கவேண்டியதில்லை. இடம்பெயர்ந்த போது அடையாள அட்டையையும் பிறப்புப் பத்திரத்தையும் இழந்த ஒரு தாய்க்கு, வாடிக்கையாளரை அறிதல் என்ற விதி வாசலை அடைக்கும் மற்றொரு கதவாகிவிடுகின்றது. விதியை நீக்குமாறு நாம் கேட்கவில்லை. ஐயத்தின் கண்ணோடு மட்டும் அதனை எழுதாமல், பாதுகாப்பின் கண்ணோடும் எழுதுமாறு கேட்கின்றோம்.

*

உரிமம் என்பது மக்களுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி என்று தொடக்கத்திற் கூறினோம். வாக்குறுதியாயின், யாருக்கு அளிக்கப்பட்டதோ அவர் அதனை வாசிக்க இயலவேண்டும். ஒவ்வொரு முகவர் கடையிலும், பெயர்ப்பலகைக்குப் பக்கத்திலே, நல்ல தமிழிலும் சிங்களத்திலும் நான்கு செய்திகள் தொங்கவேண்டும்: காசு எந்த வங்கியிலே தனியாக வைக்கப்பட்டுள்ளது, ஒவ்வொரு சேவைக்கும் கட்டணம் எவ்வளவு, தவறு நேர்ந்தால் யாரிடம், எத்தனை நாளுக்குள் முறையிடுவது, அங்கும் தீர்வு கிடையாதாயின் அடுத்த படி எது. இதற்குப் பெருஞ்செலவில்லை. மருந்துப் போத்தலிலே அளவு எழுதுவதுபோன்ற எளிய கடமை இது.

மேலும், மக்களின் காசு தனிக்கணக்கிலே கிடக்கும்போது அது ஈட்டும் வட்டி யாருக்கு என்பது கணக்காளர் மட்டும் தீர்க்கும் வினாவன்று. அது அரசியல் வினா. வெங்காயம் விற்ற பெண்ணின் ஐயாயிரம் ஓரிரவு உறங்கினாலும் அவ்வுறக்கத்தின் பயன் யாரோ ஒருவரைச் சேர்கின்றது. கென்யாவிலே அந்த வினா எழுப்பப்பட்டது, விடையும் காணப்பட்டது. இங்கும் அது பொதுமேடையிலே எழுப்பப்படல் வேண்டும். அவ்வாறே, கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே உரிமத்தின் கீழ் இயங்க வழி திறக்கப்படல் வேண்டும். 1929இலே தனித்தனிச் சங்கங்கள் சேர்ந்து ஒரு வங்கியை அமைத்தன. காகிதமும் மையுமே கருவியாய் இருந்த அக்காலத்தில் இயன்றது, இக்காலத்தில் இயலாதென்று கூறுவோர், கருவியின் குறையைக் கூறவில்லை. மனத்தின் குறையையே கூறுகின்றனர்.

ஈற்றிலே எழுத்தாளரிடமும் ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை. வட்டிக்கடைக்காரனை நம் இலக்கியம் பலமுறை எழுதியுள்ளது. அவன் தெருவாசலில் வந்து நின்றான். அவனுக்கு முகம் இருந்தது. ஆகவே எழுதுவது எளிதாயிற்று. இன்றைய பணத்தின் தரகனுக்கு முகமில்லை. அவன் ஒரு விதியின் மூன்றாம் உபபிரிவிலே, ஒரு கட்டண அட்டவணையின் அடிக்குறிப்பிலே இருக்கின்றான். அவனை எழுத விரும்பும் கலைஞன் வர்த்தமானியை வாசிக்கப் பழகவேண்டும். வர்த்தமானி இலக்கியமன்று என்று ஒதுக்குவோர், தம் வாசகரின் வாழ்வை வகுக்கும் எழுத்தை வாசியாது ஒதுக்குகின்றனர். வகுப்பறையிலே நாம் மாணவர்க்குச் செய்யுளுக்குப் பதவுரை சொல்லிக் கொடுக்கின்றோம். ஒரு நாளேனும் ஓர் ஒழுங்குவிதிக்குப் பதவுரை சொல்லிக் கொடுத்தால் என்ன? அதன் எழுவாய் யார், செயப்படுபொருள் யார் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். வாக்கியத்தில் எழுவாயாக அமர்ந்திருப்பவரும் செயப்படுபொருளாகக் கிடப்பவரும் யாவர் என்று அறிந்த மாணவன், வாழ்விலும் அவ்வினாவைக் கேளாமல் விடமாட்டான்.

நம் மாணவரின் கடையிலே மாட்டிய பெயர்ப்பலகை மழையிலே நிறம் மங்கி வருகின்றது. அவர் தம் பழைய திட்டத்தை இன்னும் ஒரு கொப்பியிலே பாதுகாத்து வைத்திருக்கின்றார். அதனை மீண்டும் எடுத்து விண்ணப்பம் எழுதும் நாள் வருமாயின், அந்நாளில் அவரோடு சென்று நிற்கவேண்டியவர் முதலீட்டாளர் அல்லர். சுன்னாகத்து வெங்காய வியாபாரியும், மீனவர் சங்கத்தவரும், அவருக்குத் தமிழ் கற்பித்த நாமுமே.